அடைப்பான் கிருமியின் இரண்டு வளையங்கள்

ராணிப்பேட்டையில் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் 1932 முதல் இயங்கி வருகிறது. தமிழ்நாட்டின் ஆடு, மாடு, கோழிகளுக்கான தடுப்பூசிகள் பலவும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. அவற்றில் ஒன்று அடைப்பான் நோய்க்கானது. செய்தித்தாள்கள் ஆந்த்ராக்ஸ் என்று எழுதுவது இந்த நோயைத்தான். அந்தத் தடுப்பூசிக் குப்பிக்குள் இருப்பது செத்த கிருமி அல்ல, உயிருள்ள அடைப்பான் கிருமியின் ஸ்போர், அதாவது அதன் உறங்கு வடிவம். நோய் கண்ட ஊர்களில் கால்நடை மருத்துவர் அதை ஊசியில் ஏற்றி மாட்டின் தோலுக்கடியில் செலுத்துகிறார். மாடு வழக்கம்போல் தீனி தின்கிறது, பால் கறக்கிறது. ஏறத்தாழ ஒரு வருடத்துக்கு அடைப்பான் அதை அண்டாது. அதே இனக் கிருமி மேய்ச்சல் நிலத்து மண்ணிலிருந்து அதே மாட்டின் வாய்க்குள் போனால், காலையில் நன்றாக இருந்த மாடு மாலைக்குள் விழுந்து செத்துக் கிடக்கும்.

கொல்லும் கிருமிக்கும் காக்கும் கிருமிக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு டி.என்.ஏ. வளையம். அந்த வளையம் இருந்தால் சாவு, இல்லாவிட்டால் தடுப்பூசி. நோய்க் கிருமிகள் நஞ்சு தயாரிக்கும் விதத்தைப் பற்றி மரபியல் கண்டுபிடித்தவற்றுள் இதைவிடப் பயனுள்ள செய்தி எனக்குத் தெரிந்து வேறில்லை. அதுவும் நம் வட்டாரத்துக்கு மிக நெருக்கமான செய்தி.

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் ஒட்டி நீளும் தோல் வட்டாரம் இது. கலவை, திமிரிப் பக்கம் வந்துவிட்டால் நெல்லும் மணிலாவும் ஆடுமாடும்தான் பிழைப்பு. அடைப்பான் இந்த இரண்டு பிழைப்புக்கும் பழைய பகையாளி. கால்நடையைக் கொன்ற பிறகும் அதன் தோலிலும் மயிரிலும் ஸ்போராகத் தங்கி, அவற்றைத் தொடுகிறவரிடம் தாவும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் கம்பளி பிரிக்கும் தொழிலாளர்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். காரணம் அடைப்பான் என்று ஜான் ஹென்றி பெல் என்ற மருத்துவர் 1880 வாக்கில் காட்டினார். மூட்டை சுமந்த துறைமுகக் கூலிகளுக்கும் தோல் பதனிடுகிறவர்களுக்கும் கழுத்திலும் கையிலும் கரும்புண் வந்தது. பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டால் அழுகல் நிற்கும், ஸ்போர் சாகாது. வெயிலில் உலர்த்தினாலும் சாகாது. அதனால்தான் உலர்ந்த தோலிலேயே அடைப்பானின் தடயத்தைக் கண்டறிய 1911-இல் இத்தாலியின் அல்பெர்ட்டோ அஸ்கோலி ஒரு சோதனையை உருவாக்கினார். தோல் வியாபாரத்தில் அது வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது.

ராபர்ட் கோக் 1876-இல் இந்தக் கிருமியின் வாழ்க்கை வட்டத்தை முழுதாக விளக்கினார். ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட கிருமிதான் காரணம் என்று உறுதியாக நிறுவப்பட்டது முதன்முதலில் இந்த நோயில்தான். ஆனால் கிருமி எப்படிக் கொல்கிறது என்பது அவருக்கும் தெரியவில்லை, அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் வெகுகாலம் தெரியவில்லை. கிருமியைக் குடுவையில் வளர்த்து, வடிகட்டி, அந்த நீரைப் பிராணிக்கு ஏற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. எனவே இதற்கு நஞ்சே இல்லை, இரத்தத்தில் கோடிகோடியாகப் பெருகி நுண்குழாய்களை அடைத்தே கொல்கிறது என்று பலர் நம்பினார்கள்.

1954-இல் இங்கிலாந்தின் போர்ட்டன் டவுன் ஆய்வகத்தில் ஹாரி ஸ்மித்தும் ஜேம்ஸ் கெப்பியும் குடுவையை விட்டுவிட்டு, அடைப்பானால் சாகும் நிலையில் இருந்த கினிப்பன்றிகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நஞ்சு அங்கே இருந்தது. நோய் முற்றிய நிலையில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் இரத்தத்தில் கிருமி அற்றுப்போகிறது, ஆனாலும் பிராணி சாகிறது என்பதையும் அந்தக் குழு கண்டது. கிருமி போன பின்னும் அது கொட்டிவிட்டுப் போன நஞ்சு வேலையை முடித்துவிடுகிறது. அடைப்பானில் மருத்துவரிடம் ஒரு நாள் முன்னால் போவதற்கும் ஒரு நாள் கழித்துப் போவதற்கும் உயிரளவு வித்தியாசம் இருப்பது இதனால்தான்.

நஞ்சு என்று ஒருமையில் சொன்னாலும் அது மூன்று புரதங்களின் கூட்டு. முதலாவதைப் பாதுகாப்பு ஆன்டிஜன் என்கிறார்கள். இதற்கு எதிராக உடலில் எதிர்ப்புப் புரதம் உண்டானால் நோய் வராது என்பதால் வந்த பெயர். இரண்டாவது கொல்காரணி, மூன்றாவது வீக்கக் காரணி. மூன்றில் எதையும் தனியாக ஊசியில் ஏற்றினால் பிராணிக்குக் கேடில்லை. முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்தால் சாவு, முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் வீக்கம்.

அவை சேரும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பாதுகாப்பு ஆன்டிஜன் நம் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அப்போது நம் உடலின் சொந்த நொதியான ஃபியூரின் அதில் ஒரு துண்டை வெட்டி விடுகிறது. வேறு வேலைக்காகச் செல் வைத்திருக்கும் நொதி அது, கிருமி தனக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. வெட்டுப்பட்ட மூலக்கூறுகள் ஏழு ஒன்றுகூடி ஒரு வட்டமாகின்றன. அந்த வட்டத்தின் மேல் கொல்காரணியும் வீக்கக் காரணியும் வந்து ஒட்டுகின்றன. செல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பையாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. பைக்குள் அமிலத்தன்மை கூடியதும் அந்த வட்டம் உருமாறிப் பையின் சவ்வைத் துளைக்கிறது. அந்தத் துளை வழியே இரண்டு காரணிகளும் செல்லுக்குள் நுழைகின்றன. வீக்கக் காரணி செல்லின் நீர்க் கணக்கைக் குலைக்கிறது. அது அடினைலேட் சைக்லேஸ் என்ற நொதி என்று 1982-இல் ஸ்டீஃபன் லெப்லா காட்டினார். கொல்காரணி செல்லுக்குள் செய்தி கடத்தும் புரதங்களை வெட்டிவிடுகிறது. இது தெரிந்தது 1998-இல்தான். முதலில் பலியாவது நோயை எதிர்த்துப் போராட வேண்டிய வெள்ளணுக்கள்.

இந்த மூன்று புரதங்களுக்குமான மரபணுக்கள் கிருமிக்குள் எங்கே இருக்கின்றன? அடைப்பான் கிருமியின் குரோமோசோம் சுமார் 52 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் கொண்டது. தின்பது, வளர்வது, பிளவுபடுவது, ஸ்போராவது எல்லாம் அதில் எழுதியிருக்கின்றன. நஞ்சு அதில் இல்லை. ஒரு தோல் மண்டியின் பெரிய பேரேட்டுக்குள் செருகி வைத்த தனிச்சீட்டைப் போல, குரோமோசோமுக்கு வெளியே தனியாக மிதக்கும் ஒரு சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட வளையங்களுக்குப் பிளாஸ்மிட் என்று பெயர். இந்த வளையத்தின் பெயர் பிஎக்ஸ்ஓ1. நீளம் சுமார் 1,82,000 எழுத்துகள். அதில் மூன்று நஞ்சு மரபணுக்களும் சேர்ந்து பிடிப்பது 7,000 எழுத்து அளவுக்கான இடம்தான்.

1983-இல் அமெரிக்காவின் ஃபோர்ட் டெட்ரிக் ஆய்வகத்தினர் இதை நிரூபித்த முறை எளிமையானது. கிருமியை 42.5 டிகிரி வெப்பத்தில் மீண்டும் மீண்டும் வளர்த்தார்கள். அந்தச் சூட்டில் கிருமி பிழைத்துக்கொண்டது, வளையத்தால் மட்டும் தன்னைப் பிரதியெடுக்க முடியவில்லை. சில தலைமுறைகளில் வளையம் தொலைந்தது, அதோடு நஞ்சும் போயிற்று.

அந்த வெப்ப அளவு அறிவியல் வரலாறு படித்தவர்களுக்குப் பழக்கமானது. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன் லூயி பாஸ்டர் அடைப்பான் தடுப்பூசி செய்யக் கிருமியை வளர்த்ததும் 42, 43 டிகிரியில்தான். பிளாஸ்மிட் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலம். சூட்டில் கிருமி வலுவிழக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. அவரது குடுவையில் நடந்தது இந்த வளையத்தின் இழப்புதான் என்று மரபியல் இன்று விளக்குகிறது. 1881 மே மாதம் பாரிஸுக்கு அருகே பூயி-லெ-ஃபோர் கிராமத்துப் பண்ணையில் அவர் நடத்திய பொதுச் சோதனையில், தடுப்பூசி போட்ட ஆடுகள் நின்றன, போடாதவை செத்து விழுந்தன. உலகமே கொண்டாடியது. ஆனால் அன்று பயன்பட்ட தடுப்பூசி சூட்டில் வலுவிழக்கச் செய்தது அல்ல. அவருடைய உதவியாளர் ஷாம்பர்லான் பொட்டாசியம் டைகுரோமேட் என்ற வேதிப்பொருளைக் கொண்டு தயாரித்தது அது. பாஸ்டரின் குறிப்பேடுகளை ஆராய்ந்த ஜெரால்டு கீசன் 1995-இல் இதை விரிவாக எழுதினார். பாஸ்டர் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். சோதனையின் வெற்றி அதனால் குறைந்திருக்காது. நம் ஊர் டேனரிகளில் தோலை நீல நிறமாக்கும் குரோம் உப்பும் டைகுரோமேட்டிலிருந்து தயாராவதுதான். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரை இன்றும் கெடுத்துக்கொண்டிருக்கும்போது, அந்த வேதிப்பொருளுக்கு இப்படியும் ஒரு வரலாறு இருப்பதை இந்த வட்டாரத்துக்காரர்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

அடைப்பான் கிருமியிடம் இரண்டாவது வளையமும் உண்டு. பிஎக்ஸ்ஓ2 என்பது அதன் பெயர், சுமார் 95,000 எழுத்துகள். இதில் நஞ்சு இல்லை. கிருமி தன் மேல் போர்த்திக்கொள்ளும் உறைக்கான மரபணுக்கள் இதில் இருக்கின்றன. குளூட்டமிக் அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்துச் செய்த உறை. நம் புரதங்களில் அமினோ அமிலங்கள் இருக்கும் வடிவத்துக்கு நேர் எதிரான, கண்ணாடிப் பிம்ப வடிவத்தில் இந்தச் சங்கிலி இருப்பதால் உடலின் காவல் அதைச் சரியாக அடையாளம் காண்பதில்லை. உறை இருக்கும்வரை வெள்ளணுக்களால் கிருமியை விழுங்க முடியாது.

தென்னாப்பிரிக்காவின் ஒண்டர்ஸ்டெபோர்ட் கால்நடை ஆய்வு நிலையத்தில் மாக்ஸ் ஸ்டெர்ன் 1937-இல் உறையில்லாத ஒரு ரகத்தைப் பிரித்தெடுத்தார். அவருக்கும் பிளாஸ்மிட் தெரியாது. அவர் கையில் கிடைத்தது பிஎக்ஸ்ஓ2 தொலைந்து, பிஎக்ஸ்ஓ1 மட்டும் உள்ள கிருமி. அது உடலுக்குள் போனால் கொஞ்சம் நஞ்சு தயாரிக்கும். அதைக் கண்டு உடல் எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கிக்கொள்ளும். உறை இல்லாததால் அதிகம் பெருகுவதற்குள் வெள்ளணுக்கள் அதை விழுங்கிவிடும். உலகெங்கும் கால்நடைகளுக்குப் போடும் அடைப்பான் தடுப்பூசி பெரும்பாலும் இந்த ஸ்டெர்ன் ரகத்தின் வழிவந்தது. உயிருள்ள தடுப்பூசி என்பதால் அதைப் போடும் நாட்களில் மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தடுப்பூசிக் கிருமி செத்து, ஊசி வீணாகும்.

இனி குடுவையில் நஞ்சு கிடைக்காத புதிருக்கு வருவோம். நஞ்சு தயாரிப்பது கிருமிக்குச் செலவு பிடிக்கும் வேலை. மண்ணில் கிடக்கும்போது அதற்கு நஞ்சால் பயனில்லை. எனவே பிஎக்ஸ்ஓ1 வளையத்திலேயே ஏடிஎக்ஸ்ஏ என்ற ஆணை மரபணு ஒன்று இருக்கிறது. சுற்றுப்புறம் 37 டிகிரி, கூடவே கரியமில வாயுவும் பைகார்பனேட்டும் நிறைய. பாலூட்டியின் இரத்தம் அப்படித்தான் இருக்கும். அந்த நிலையில் ஏடிஎக்ஸ்ஏ மூன்று நஞ்சு மரபணுக்களையும் வேகமாக இயக்குகிறது. இரண்டாவது வளையத்தில் உள்ள உறை மரபணுக்களுக்கும் அதன் ஆணைதான். பழைய ஆய்வாளர்கள் சாதாரணக் காற்றில் வளர்த்த குடுவைகளில் அந்த ஆணை பிறக்கவே இல்லை. இன்று ஆய்வகங்கள் அடைப்பான் நஞ்சைத் தயாரிக்கும்போது வளர்ப்பு நீரில் பைகார்பனேட் சேர்க்கின்றன.

இந்த வளையங்கள் எங்கிருந்து வந்தன என்பது இன்னும் சுவாரசியமான கதை. அடைப்பான் கிருமியான பாசில்லஸ் ஆந்த்ராசிஸுக்கு நெருங்கிய பங்காளிகள் இருவர். ஒருவர் பாசில்லஸ் செரியஸ். வடித்த சோற்றை வெளியே வைத்து மறுநாள் சாப்பிட்டால் வாந்தி வருவது பல நேரம் இவரால். இன்னொருவர் பாசில்லஸ் துரிஞ்ஜியன்சிஸ். பி.டி. பருத்தியில் உள்ள புழுக்கொல்லி மரபணு இவரிடமிருந்து எடுத்தது. மூவரின் குரோமோசோம்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மூன்று இனம் என்று சொல்வதற்கே தயக்கம் வரும் அளவுக்கு ஒற்றுமை. வேறுபாடு பெரும்பாலும் பிளாஸ்மிட்களில்தான். பி.டி.யின் புழுநஞ்சு பிளாஸ்மிட்டில் இருக்கிறது. செரியஸின் வாந்தி நஞ்சும் பிஎக்ஸ்ஓ1-க்கு உறவான ஒரு பிளாஸ்மிட்டில் இருக்கிறது. நம் எருவிலும் வயல் மண்ணிலும் சாதாரணமாகக் கிடக்கும் ஒரு குடும்பத்தில், எந்த வளையம் யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து ஒருவன் பருத்திப் புழுவைக் கொல்கிறான், ஒருவன் பசுவைக் கொல்கிறான்.

வளையம் கைமாறுவது பழங்கதையும் அல்ல. பிஎக்ஸ்ஓ1-ஐ ஒத்த வளையத்தோடு ஒரு செரியஸ் கிருமி அமெரிக்காவில் ஒருவருக்கு அடைப்பானைப் போலவே கடும் நுரையீரல் நோயை உண்டாக்கியது 2004-இல் வெளியானது. ஐவரி கோஸ்டில் தாய் என்ற வனத்தில் சிம்பன்சிகளைக் கொன்றதும் இரண்டு வளையங்களும் கொண்ட ஒரு செரியஸ் வகைதான். ஆனால் வளையம் கிடைத்தால் மட்டும் போதாது. செரியஸிடம் பிஎல்சிஆர் என்ற இன்னொரு ஆணை மரபணு உண்டு. இரத்த அணுக்களை உடைக்கும் அதன் பழைய ஆயுதங்கள் எல்லாம் அதன் கீழ். அடைப்பான் கிருமியில் இந்த மரபணு ஒரே ஒரு எழுத்து மாறியதால் பாதியில் அறுந்து செயலற்றுக் கிடக்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2001-இல் அதைச் சரிசெய்து பார்த்தபோது, ஏடிஎக்ஸ்ஏ இருக்கும் கிருமியில் ஸ்போர் உண்டாவதே தடைப்பட்டது. இரண்டு ஆணைகளும் ஒரே கிருமியில் ஒத்துப்போகவில்லை. புதிய நஞ்சை ஏற்ற கிருமி பழைய ஆயுதத்தைக் கைவிட்டிருக்கிறது. மருத்துவமனை ஆய்வகத்தில் ஆட்டு இரத்தம் கலந்த தட்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். செரியஸ் வளர்ந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வெளுத்து வட்டமாகத் தெளிந்திருக்கும். அடைப்பான் வளர்ந்தால், தேய்த்த கண்ணாடி போலச் சொரசொரப்பான சாம்பல் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சுருள்சுருளான இழைகள், அடியில் இரத்தம் அப்படியே சிவப்பாக இருக்கும்.

நஞ்சு மரபணு கிருமிக்கு வெளியிலிருந்து வருவது பிற நோய்களிலும் உண்டு. தொண்டை அடைப்பான் எனப்படும் டிஃப்தீரியாவின் நஞ்சு, கிருமியைத் தாக்கும் ஒரு வைரஸ் கொண்டுவந்தது. காலராவின் நஞ்சும் அப்படியே, 1996-இல் வால்டோரும் மெக்கலானோஸும் அதைக் கண்டார்கள். டெட்டனஸ் நஞ்சு ஒரு பிளாஸ்மிட்டில் இருக்கிறது.

வேலூர் வட்டாரத்துக்கு அடைப்பான் வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல. மூளையுறை வரை பரவிய அடைப்பான் நோயாளிகளைப் பற்றி வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1994-இல் ஆய்விதழில் எழுதினார்கள். தென்னிந்தியாவில் இந்த நோய் ஓயவில்லை என்று அங்குள்ள நுண்ணுயிரியல் துறையினர் 1996-இல் மீண்டும் எழுதினார்கள். அதே கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் வட ஆற்காடு மாவட்டத்தில் நடத்திய நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில், மருத்துவர்கள் தாங்கள் பார்த்த நோயை ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போட்டால் போதுமாக இருந்தது. 1998-இல் லான்செட் இதழ் அதை வெளியிட்டது. மரபணுச் சோதனைக் கருவிகள் எவ்வளவு வந்தாலும், முதல் தகவல் ஊரிலிருந்து வரவில்லை என்றால் அவற்றுக்கு வேலையே இல்லை. இப்போது பி.சி.ஆர். சோதனையில் இரண்டு வளையங்களையும் தனித்தனியே தேடுகிறார்கள். இரண்டும் இருந்தால் கொல்லும் கிருமி. முதலாவது மட்டும் இருந்தால் தடுப்பூசி ரகமாக இருக்கலாம். டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ராகேஷ் பட்நாகரின் குழு, கிருமியே தேவையில்லாமல் பாதுகாப்பு ஆன்டிஜனை மட்டும் மரபுப் பொறியியலால் தயாரித்து மனிதருக்கான தடுப்பூசிக்கு வழி தேடியது.

இன்றைய ஆபத்து நவீன டேனரியில் இருப்பதைவிட, செத்து விழுந்த மாட்டைச் சுற்றி நிற்கும் இடத்தில் அதிகம். பதனிடாத பச்சைத் தோல் இன்னும் ஆபத்தானதுதான். 2006-இல் நியூயார்க்கிலும் 2008-இல் லண்டனிலும் இறக்குமதியான ஆட்டுத் தோலில் மேளம் கட்டியவர்களுக்கு மூச்சு வழியாக அடைப்பான் வந்தது. லண்டன்காரர் இறந்தார். நம்மிடம் செத்த மாட்டைத் தூக்குவதும் தோலுரிப்பதும் சாதியின் பெயரால் சிலர் தலையில் மட்டும் கட்டப்பட்ட வேலை. கறி கிடைக்கிறதே என்று வறுமையில் அறுத்தவர்களும் அவர்கள்தான். கரும்புண் முதலில் வந்தது அவர்கள் கைகளில். கையுறையும் தடுப்பூசித் தகவலும் கடைசியாகப் போய்ச் சேருவதும் அவர்களுக்குத்தான். இந்த அநீதியை விட்டுவிட்டு அடைப்பானைப் பற்றி எழுத என்னால் முடியாது.

செத்த மாட்டுக்குள் கிருமி ஸ்போராக இருப்பதில்லை, உறையணிந்த உயிர்க்கிருமியாகவே இருக்கிறது. உடல் திறக்கப்படாமல் கிடந்தால், அழுகும்போது பெருகும் பிற நுண்ணுயிர்களால் சில நாட்களில் உள்ளேயே செத்துப்போகும். கத்தி பட்டு இரத்தம் காற்றில் சிந்தினால் ஆக்சிஜன் கிடைக்கிறது, கிருமி ஸ்போராகிறது. அந்த ஸ்போர் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஸ்காட்லாந்தின் குரூனார்டு தீவில் 1942-இல் ஆயுதச் சோதனைக்காக வெடித்த ஸ்போர்கள், மண்ணை ஃபார்மலின் கரைசலால் நனைத்துக் கழுவி 1990-இல் தடை நீக்கும்வரை தீவை மூடி வைத்தன.

ஆகவே, காய்ச்சல் கண்டோ காணாமலோ மாடு திடீரென்று செத்து, மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசிந்தால், அதை அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், கறியைப் பங்கு போடாதீர்கள். நாயும் காக்கையும் அண்டாமல் பார்த்துக்கொண்டு 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கால்நடை மருத்துவர் வந்து காதிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்தால் சோதனைக்குப் போதும். பிறகு ஆறடிக் குழியில் உடலை முழுதாகப் புதையுங்கள், மந்தையில் மற்ற மாடுகளுக்கு ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். செத்த மாட்டைத் தொட்டவர் கையில் வலியில்லாத கொப்புளம் வந்து நடுவில் கறுத்தால், வலியில்லையே என்று விட்டுவிடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். அந்த நிலையில் சாதாரண ஆன்டிபயாட்டிக்கே அவரைக் காப்பாற்றிவிடும்.